ஏழாம் கேள்வி

மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை
கீழ்ப்பாக்கத்தில் அந்த வீட்டுக்குப் போவேன்.
சாப்பாடு பிடிக்கிறதா. தூக்கம் வருகிறதா.
பஸ் பாஸ் வாங்கியாயிற்றா.
படிவத்தில் ஏழாம் கேள்வி:
வீட்டில் பாதுகாப்பாக உணர்கிறாயா.
பக்கத்து நாற்காலியில்
முறுக்குத் தட்டோடு அவர் இருப்பார்.
"சொல்லும்மா, ஆன்ட்டி கேக்கறாங்கல்ல."
கைசா மின்விசிறியைப் பார்த்துச் சொல்வாள்:
பரவாயில்லை.

எஸ்டோனியாவிலிருந்து ஒரு வருடம் படிக்க வந்த
பதினாறு வயதுக்காரிக்கு
கத்திப்பாரா பாலத்தில் கார் ஏறும்போது
நான்தான் கற்றுக்கொடுத்தேன் அந்தச் சொல்லை.
வெயிலா, பரவாயில்லை. காரமா, பரவாயில்லை.
கரண்ட் போச்சா, பரவாயில்லை.
இது ஒன்று இருந்தால்
சென்னையில் பிழைத்துக்கொள்ளலாம் என்றேன்.
இணைக்கொம்பை லகரத்துக்குப் பின்னால் போட்டு
நோட்டில் எழுதிக்கொண்டாள்.

இரண்டாம் மாதம்
கை கழுவப் போகிற வழியில் அவள் அறைக் கதவு.
தாழ்ப்பாள் இருந்த இடத்தில்
நான்கு திருகாணித் துளைகள்.
படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்,
தாழ்ப்பாள், ஒரு கேள்விக்குறி.

மூன்றாம் மாதம்
துளைகள் அப்படியே.
மொசைக் தரையில்
கட்டிலடியிலிருந்து கதவுவரை
நாற்காலி இழுத்த தடம்,
ஒரு நாள் இழுத்ததல்ல.
இன்சூரன்ஸ் ஆபீசில்
பதினொரு ரூபாய் கணக்கு உதைத்தால்
விளக்கணைக்காமல் உட்காருகிறவள் நான்.
தடத்தைப் பார்த்தேன்.
அவர் கொடுத்த காபியைக் குடித்தேன்.
ஏழுக்கு நேரே டிக் போட்டேன்.

கார்த்திகை மழை, இரவு பதினொன்றே கால்.
போனில் அவள் அழவில்லை.
பரவாயில்லை, பரவாயில்லை என்றாள்,
ஏதோ தன் பாஷையில் சொன்னாள்,
பிறகு சொல்லின் முன்பாதி எங்கோ கழன்று விழ
இல்லை, இல்லை
என்று மட்டும் வந்தது.

முழங்கால் தண்ணீரில் ஆட்டோ நின்றுவிட்டது.
மீதித் தூரம் நடந்தேன்.
மெடிக்கல் ஷாப் பையன் இதாயத்
ஷட்டரைப் பாதி இறக்கி
அவளுக்கு ஸ்டூல் போட்டுக்கொடுத்து
தான் வெளியே நனைந்துகொண்டிருந்தான்.
அவள் கையில் நோட்டு மட்டும்.
பாஸ்போர்ட்?
"பத்திரமா இருக்கட்டும்னு" அவர் லாக்கரில்.

திங்கட்கிழமை கமிட்டி.
ஏசி அறை, முந்திரிக் கேக்.
கலாச்சார வித்தியாசம் என்றார் ஒருவர்.
சார் பாசமாப் பழகுவார், அதான்.
ஜூன்ல ஊருக்குப் போற பொண்ணு,
அதுவரைக்கும் வேற வீடு பார்த்தா முடிஞ்சுது.
சாட்சி ஏதாவது?

மூன்று படிவங்களையும் மேஜையில் வைத்தேன்.
சாட்சி நான்தான் என்றேன்.
பார்த்துவிட்டுப் பென்சிலில் எழுதியவள்.
யாரோ கேக் தட்டை என் பக்கம் நகர்த்தினார்கள்.

மகளிர் காவல் நிலையத்துக்கு
அவள் கேட்டுத்தான் போனோம்.
ஆறு மணி நேரம்.
பாஸ்போர்ட் சாயங்காலம்
மஞ்சள் கவரில் வந்தது,
கல்யாணப் பத்திரிகை மாதிரி.
வழக்கு நடக்கிறது.
சபாவில் அவருக்கு முன்வரிசை நாற்காலி
இன்னும் இருக்கிறதாம்.

ஊருக்குப் போகிறாயா என்று கேட்டதற்கு
பரீட்சை இருக்கிறது என்றாள் கைசா.
அயனாவரத்தில் நர்ஸ் ஜெசிந்தா வீட்டில் இருக்கிறாள்.
ராத்திரி மூன்று தரம்
தாழ்ப்பாள் சத்தம் கேட்குமாம்.
ஜெசிந்தா எண்ணுகிறாள், கேட்பதில்லை.

ஏழாம் கேள்வியை இப்போது வீட்டுக்குள் கேட்பதில்லை.
நடந்துகொண்டே, கரும்புச்சாறு வண்டி வரை,
நாங்கள் இருவர் மட்டும்.
பதில் வராவிட்டால் இன்னொரு சுற்று.

அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் வருமுன்னே
வீடு வீடாகப் போகிறேன்,
புரசைவாக்கத்தில் டஜனாக வாங்கிய
தாழ்ப்பாள்கள் பையில் கலகலக்க.
பெரம்பூரில் ஒருவர் சிரித்தார்:
"எங்க மேல நம்பிக்கை இல்லையா மேடம்?"

இல்லை என்றேன்.
அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் எடுங்கள்.