பதினேழாம் மடை

ஷட்டர்ச் சக்கரம் எகிறி மணிக்கட்டில் அடித்தது
கார் சாகுபடிக்குத் தண்ணீர் விட்ட முதல் வாரம்.
சுளுக்கு என்றேன்.
முட்டை வெள்ளை, மூங்கில் பத்தை, நல்லெண்ணெய்.
பத்து நாளில் வீக்கம் வடிந்தது.
வலி வடியவில்லை, அதை யாரிடமும் சொல்லவில்லை.
மடைப் பதிவேட்டில் இடது கையால்
கிறுக்கிக்கொண்டிருந்தேன் பிசானம் வரை.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி.
டாக்டர் ஜெனோவா கட்டைவிரலடிக் குழியில்,
மூக்குப்பொடி கொட்டி உறிஞ்சுவார்களே, அதில்,
ஒற்றை விரலால் அழுத்தினார்.
வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார்.
"இது படகெலும்பு. முந்திரிப்பருப்பு அளவுதான்.
நடுவுல ஒடிஞ்சு அஞ்சு மாசம் ஆச்சு.
இதுக்கு ரத்தம் முழங்கைப் பக்கமிருந்து நேரா வராது.
விரல் பக்கம் நுழைஞ்சு, திரும்பி,
பின்னால ஓடும்.
நடுவுல பாதை அறுந்துட்டா
இந்தக் கோடிப் பாதிக்கு..."

"கடைமடை" என்றேன்.
அவர் பேனாவை மூடி என்னைப் பார்த்தார்.

இருபத்திரண்டு வருஷம் லஸ்கர் வேலை.
பதினேழாம் மடைக் கோயிற்பிச்சை
வரப்பில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
தினமும் கேட்பார்: வருமா?
வரும்வே, வரும் என்பேன்,
மேல்மடைக்காரர் வாங்கித் தந்த டீ
நாக்கில் சுட்டுக்கொண்டிருக்கும்போதே.
படத்தில் அந்தப் பாதி மட்டும்
உப்புப் பூத்த வயலாய் வெளுத்திருந்தது.

கையை மரக்க வைத்தார்கள். இடுப்புக்குக் கீழேயும்.
பச்சைத் துணிக்கு அந்தப் பக்கம்
என் உடம்பில் யாரோ மண் வெட்டினார்கள்.
இடுப்பெலும்பின் விளிம்பில் ஒரு சிறு மூடி திறந்து
உள்ளேயிருந்து வழித்தெடுத்தது கிண்ணத்தில் போயிற்று.
"பாக்காதீக" என்றாள் நர்ஸ் மரியபுஷ்பம்.
பார்த்துவிட்டேன்.
சிவப்பு அவல், நனைந்தது.

செத்த பக்கத்தைச் சுரண்டுகிற சத்தம்
சட்டியில் அடிப்பிடித்ததைச் சுரண்டுவதுபோல.
பிறகு கைக்கட்டைத் தளர்த்தச் சொன்னார் டாக்டர்.
யாரும் பேசவில்லை.
இந்த மௌனம் எனக்குத் தெரியும்.
ஷட்டரைத் தூக்கிவிட்டு
காய்ந்த வாய்க்காலையே பார்த்து நிற்கிற மௌனம்.

"ஒரு புள்ளி" என்றார்.
வெகுநேரம் கழித்து, "இன்னொண்ணு.
கசியுது."
அவலை அடைத்து
தலையில்லாத திருகாணி ஒன்றை முடுக்கினார்.

வார்டில் கை சும்மா கிடந்தது.
இடுப்புதான் கத்தியது. இருமினால் கத்தியது,
சிரித்தால் கத்தியது.
மேலப்பாளையத்து வெல்டிங் பையன் கசாலி,
நரம்பு தைத்த மூன்று விரலோடு பக்கத்துக் கட்டிலில்,
"கையில ஆப்ரேஷன் பண்ணிட்டு
நொண்டுற ஆளை இப்பத்தான் பாக்கேன்" என்றான்.
சிரிக்க வைக்காதலே என்றேன்.
கொடுத்த இடம் இப்படி வலிக்கும் என்று
யாரும் சொல்லி வைக்கவில்லை.
வாங்கிய இடம் மாவுக்கட்டுக்குள்
வாயே திறக்கவில்லை.

"ஒட்டிருமா டாக்டரம்மா?"
"ஒட்டும், ஒட்டும். பார்ப்போம்" என்றபடி
அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.
அந்தக் குரல் எங்கே கேட்டது என்று
ராத்திரி முழுக்க யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

நாலாம் நாள் கோயிற்பிச்சை வந்தார்,
பஸ் பிடித்து, மஞ்சள் பையோடு.
மாவுக்கட்டை ஒரு தடவை தட்டிப் பார்த்தார்,
தேங்காயைத் தட்டுவதுபோல.
"வருமா?" என்றார்.
எலும்பைக் கேட்டாரா, தண்ணீரையா?
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
"தெரியலவே" என்றேன்.
இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

அவர் தலையாட்டிக்கொண்டார்.
பையிலிருந்து நாட்டுப்பழம் ஒன்றைப் பிய்த்து நீட்டினார்,
ஒற்றைக் கையில் அதை நான்
திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து
வாங்கி, உரித்து,
பாதியில் தோலை மடித்துக் கொடுத்தார்.