கிட்டங்கி, 19 செ.மீ.

கல்முனையில், மருந்துக்கடை மாடியில்
ஒரு பழைய மேசைக்கடியில் கிடக்கிறது சேர்வர்.
பகலெல்லாம் அதன் முதுகில்
பதினொரு கடைகளின் பில்,
டியூட்டரிப் பெறுபேறு,
புடவைக்கடையின் ஆண்டிறுதித் தள்ளுபடி.
யாரும் பார்க்காத ஓரத்தில் என் சின்ன வேலைக்காரன்:
நிமிடத்துக்கொருதரம்
கிட்டங்கித் தாம்போதியில் தண்ணீரை அளந்து
முப்பது சென்றிமீற்றர் தாண்டினால்
பள்ளிக்கூட வான்காரருக்கெல்லாம்
‘பாதை மூடல்’ அனுப்பவேண்டியவன்.

வாங்கிய நினைவகத்தைத் திருப்பிக் கொடுக்காத பழக்கம் அவனுக்கு.
என் எழுத்தின் பிழைதான்.
ஐப்பசியில் மூன்றுமுறை கேர்னல் அவனைக் கொன்றது.
மறுகா ஒரு வரி எழுதினேன்:
விழுந்தால் எழுப்பு, ஐந்து செக்கன் பொறுத்து, எப்போதும்.
எழும்பினான். ஓரிரவில் நாற்பது தரம்.
நான் நன்றாகத் தூங்கினேன்.

கார்த்திகை ஒன்பது, விடிய ஐந்தரை.
தவசீலன் அண்ணன் கோல் எடுத்தார்.
“தங்கச்சி, உங்கட மெசேஜ்
பாதை திறப்பு எண்டு சொல்லுது.
தண்ணி என்ர முழங்காலில நிக்குது.”
வானை இக்கரையில் விட்டு
தான் மட்டும் இறங்கிப் பார்த்திருக்கிறார்.
பின்னால் தவளைச் சத்தம்,
ஏதோ ஒரு பிள்ளை சிரிக்கிற சத்தம்.

திரையைத் திறந்தேன். பச்சை.
ஓடுகிறது என்கிறது. நான்கு மணித்தியாலமாக ஓடுகிறதாம்.
சாகவில்லை அவன், அதுதான் வினை.
1.12க்கு, வராத ஒரு பதிலுக்காகக்
கதவடியில் நின்றவன் அப்படியே நிற்கிறான்,
கையில் பத்தொன்பது சென்றிமீற்றரோடு.
செத்தவனை எழுப்பத்தான் ஆள் வைத்திருந்தேன்.
நிற்கிறவனை யார் உலுக்குவது?

(டோஹாவில் இவருடைய ஐமோவும்
மூன்று நாளாகப் பச்சைதான்.)

கொன்றேன். எழும்பினான்.
நாற்பத்தாறு என்றான்,
இருபத்தெட்டு வான்களுக்கும் ஒரே மூச்சில்.

தேத்தண்ணி ஆற ஆற எழுதினேன்:
நினைவகத்துக்கு வரம்பு.
பதிலுக்குப் பத்து செக்கன், அதற்குமேல் காத்திராதே.
‘இருக்கிறேன்’ என்று சொல்லாதே,
கடைசியாய் எப்போது அளந்தாய், அதைச் சொல்.
இரண்டு நிமிடம் வாய் திறக்காவிட்டால்
பச்சையாய் இருந்தாலும் வெட்டு விழும்.

செய்தியின் வாலிலும் நேரத்தைச் சேர்த்துவிட்டு
அவருக்கு அழைத்துச் சொன்னேன்.
“நேரம் போட்டது நல்லம், தங்கச்சி.
எண்டாலும் நான் இறங்கித்தான் பாப்பன்.”