காற்றுக் கணக்கு

சம்பளச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதினேன்.
முன்பக்கம்: கரகண்டா, நிலக்கரி,
நிலத்தடிக் காற்றோட்டப் பிரிவு, பிடித்தம் போக மிச்சம்.
பின்பக்கம்: பிராசஸர், மதர்போர்டு, ரேம்,
கீழே ஒரு கேள்விக்குறி,
அதன்மேல் தேநீர்க் கறை.

நாற்பத்து நான்கு வயதில் கேமிங் கம்ப்யூட்டர் எதற்கென்று
குல்யாஷ் கேட்கவில்லை.
எங்கே வைப்பாய் என்றுதான் கேட்டாள்.
அதற்குப் பதில் இன்னும் கஷ்டம்.

எல்லாரும் பிராசஸரில் தொடங்கச் சொல்கிறார்கள்.
நான் பெட்டியில் தொடங்கினேன்.
கண்ணாடி முகப்பு, உள்ளே ஏழு நிற விளக்கு,
காற்று நுழைய ஒரு விரல் இடுக்கு.
அழகுதான்.
அழகாக மூச்சு முட்டிச் சாகும்.
‘இதுதான் நல்லாப் போகுது, அகா’ என்றான் கடைப் பையன்.
எங்கே போகுது என்றேன்.
சிரித்தான்.
பத்தொன்பது வருடம், தரைக்கு ஐநூறு மீட்டர் கீழே,
அந்த ஒரே கேள்விக்குத்தான் எனக்குச் சம்பளம்:
காற்று எங்கே போகுது.

கடைசி அடுக்கில் தூசியோடு நின்றது ஒன்று.
கறுப்பு. முகம் முழுக்க வலைக்கண்.
முன்னால் இரண்டு விசிறி இழுக்கும்,
பின்னால் ஒன்று தள்ளும்.
உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், பழக்கதோஷம்.
எடுத்துக் கட்டச் சொன்னேன்.

பிறகு அவசரப்பட்டேன்.
தள்ளுபடியில் ஒரு பிராசஸர்,
வேறொரு தள்ளுபடியில் ஒரு மதர்போர்டு.
இரண்டுக்கும் ஜாதகம் பார்க்காமல் விட்டது என் தப்பு.
ஆயிரத்து எழுநூறு ஊசிகள்,
ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை.
மைனஸ் இருபத்தெட்டில், பஸ் வராத ஞாயிற்றுக்கிழமை,
கோட்டுக்குள் குழந்தைபோல் அணைத்துக்கொண்டு
திருப்பிக் கொடுக்க நடந்தேன்.

ரேம் பதினாறு போதும்.
மிச்சமுள்ள இரண்டு இடமும் மார்ச் போனஸுக்குக் காத்திருக்கட்டும்.
பவர் சப்ளையில் மட்டும் காசைக் குறைக்கவில்லை.
எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் ஏறும்போது
சமையலறை விளக்கு கண் சிமிட்டும்.

கிராஃபிக்ஸ் கார்டு.
புதிது என்றால் மூன்று மாதம் சாப்பிடாமல் இருக்கவேண்டும்,
குல்யாஷும்.
கராஜில் விற்றுக்கொண்டிருந்தார் விதாலி சொய்.
எகிபாஸ்துஸ் பக்கம் ஒரு கிடங்கில்
நாணயம் தோண்டிய கார்டுகள், ரொட்டிபோல் அடுக்கி.
‘மைனிங்ல இருந்தது. மறைக்கமாட்டேன்.’
நானும்தான் என்றேன்.
அவருக்குப் புரியவில்லை. விளக்கவும் இல்லை.
விசிறியைச் சுண்டிவிட்டேன்.
கொஞ்சம் முனகியது, நின்றது.
முகர்ந்தேன்: கருகிய வாடை இல்லை.
மூன்று வருடம் இரவு பகல் ஒரே சூட்டில்,
விடுப்பே எடுக்காமல்.
இரக்கப்பட்டு வாங்கினேன் என்று நினைக்காதீர்கள்.
விலை பாதிக்கும் கீழே.
யானை வாங்கிவிட்டு அங்குசத்துக்கு நிற்பதுபோல்
ஒரு கேபிளுக்குக் கால்மணி நேரம் பேரம் பேசினேன்.
ஐநூறு டெங்கே குறைத்தார்.

மேசையில் பூட்டினோம்.
தலையில் என் ஹெல்மெட் விளக்கோடு
குல்யாஷ் குனிந்து நின்றாள்.
ஒரு திருகு உள்ளே விழுந்தது.
பெட்டியைத் தலைகீழாகக் குலுக்கியதில்
திருகு வந்தது, கூடவே எங்களுடையதல்லாத இன்னொன்றும்.

பட்டன்.
விசிறிகள் சுழன்றன. திரை இருட்டு.
கீழே இருட்டென்றால் என்ன செய்யவேண்டும் என்று தெரியும்.
இங்கே தெரியவில்லை.
அணைத்தேன், போட்டேன், அணைத்தேன்.
அவள்தான் ரேமைத் தொட்டாள்.
‘இது ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குதே.’
கட்டைவிரலால் அழுத்தினாள்.
டக்.

இரவு ஒன்றரை.
விளையாட்டு இன்னும் வாங்கவில்லை,
அந்தப் பணம் விசிறிக்குப் போய்விட்டது.
சோதனைக்கு ஓட்டிவிட்டு
வெப்ப எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்:
எழுபத்தொன்று. அறுபத்தெட்டு. அறுபத்து நான்கு.
முதுகுப்பக்கம் கையை வைக்கிறேன்.
வெதுவெதுப்பாக வெளியே வருகிறது.
‘தூங்கலையா’ என்கிறாள் உள்ளிருந்து.
இன்னும் இரண்டு டிகிரி.