இலக்கம் தொண்ணூற்றொன்று

எனக்கு எப்போதும் பின்னால் வரும் இலக்கங்கள்தான்.
தொண்ணூற்றொன்று. எண்பத்தெட்டு. ஒருமுறை நூற்றிமூன்று.
முதலில் இறங்குகிறவர்களுக்கு மலை கண்ணாடி.
என் முறை வரும்போது அது
குழாய் போடத் தோண்டி மூடாமல் விட்ட
ஆமர் வீதி.
கமராக்காரர்கள் வயர் சுற்றத் தொடங்கியிருப்பார்கள்.
அறிவிப்பாளர் தாளைப் பார்த்துக் கொஞ்சம் இருமுவார்:
ஜெனிற்றா மொராயஸ்.
பிறகு நாட்டின் பெயர்.
பிறகு கூட்டத்தில் எங்கோ ஒரு சிரிப்பு,
கெட்ட சிரிப்பில்லை,
அடைமழையில் ஐஸ்பழ வண்டியைக் கண்டால் வருமே
அது.

அம்மா இத்தாலியில் கிழவர்களைக் குளிப்பாட்டினாள்.
பதின்மூன்று வயதில் அவளிடம் போனேன்.
ஹோட்டலின் பின்கதவில் வாடகைக்குத் தேய்ந்த சறுக்குகள்,
காசு கேட்காத கடைசி அரைமணி நேரம்.
எத்தனை தரம் விழுந்தேன் என்பதை
இதில் எழுதப் போவதில்லை.

சம்மேளனம் என்றால்
கொட்டாஞ்சேனையில் டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை,
ஒரு காற்றாடி,
செயலாளர் இல்ஹாம்,
அவருடைய ரப்பர் முத்திரை.
முத்திரை வெட்டியவன் ஓர் எழுத்தை விழுங்கிவிட
நான்கு வருடம் நாங்கள் 'பனிச்சறுகு' சம்மேளனம்.
கட்டுநாயக்காவில் சுங்க அதிகாரி
நீளப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.
தளபாடமா? இல்லை.
படகுச் சாமானா? இல்லை.
யோசித்து, 'ஏனையவை' என்று எழுதினார்.
அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது.

கொழும்பில் நிற்கும் மாதங்களில் என் மலை
புறக்கோட்டையில் ஆறு மாடி வாகனத் தரிப்பிடம்.
இரவு பதினொன்றுக்குப் பிறகு
காவலாளி சோமதிலக்க சங்கிலியை அவிழ்ப்பார்.
காலில் சக்கரச் சப்பாத்து.
வளைவுகளில் செம்மஞ்சள் கூம்புகள்,
கூம்பு போதாத இடத்தில் தண்ணீர்ப் போத்தல்.
மேலிருந்து அடிவரை நாற்பத்தொரு செக்கன்.
அவர் போனில் நேரம் பிடிப்பார்.
'ஹெமின், துவ' என்பார். மெதுவாம்.
மெதுவாகப் போகச் சொன்ன
ஒரே பயிற்சியாளர்.

பெரிய போட்டியில் கொடி பிடித்து நடந்தேன்.
எனக்குப் பின்னால் இல்ஹாம் மட்டும்,
இரவல் கோட்டில், கைகள் தெரியாமல்.
இரண்டு ஓட்டத்தையும் முடித்தேன்.
முதலாமவளுக்குப் பின்னால் முப்பத்திரண்டு செக்கன்.
முப்பத்திரண்டு செக்கனில்
ஒரு தோசையைத் திருப்பலாம்,
கொண்டக்டரிடம் மிச்சக் காசு கேட்கலாம்.
எட்டு வருடத்தையும் அதற்குள் மடித்து வைக்கலாம்
என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.
ஐம்பத்தாறாம் இடம்.
முடித்தவர்கள் ஐம்பத்தாறு பேர்.
நாற்பது பேர் விழுந்தோ விலகியோ போனார்கள்,
போன வருடத் தங்கக்காரி உட்பட.
'நாற்பது பேரை வென்றார்' என்று
இல்ஹாம் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தார்.
நான் மறுக்கவில்லை.

பிறகு முழங்கால்.
பிறகு அம்மாவின் முதுகு.
இப்போது காப்புறுதிக் கொம்பனியில்
விபத்துக் கோரிக்கைகள் பார்க்கிறேன்.
சறுக்குகள் அலுமாரிக்கு மேலே,
விளிம்பில் உப்புக் காற்றின் துரு.

கொழும்பு தட்டையான ஊர் என்பார்கள்.
மழை நம்பாது, நானும் நம்பமாட்டேன்.
எந்தச் சந்தியிலும் என் பாதங்கள்
சரிவு எந்தப் பக்கம் என்று
முதலில் கேட்டுக்கொள்கின்றன.
நேற்றுப் பின்னேரம் ஜம்பட்டா வீதியின் உச்சியில்
கறிவேப்பிலையும் கருவாடுமாய் ஒதுங்கி நின்றேன்.
வெள்ளம் வீதியைப் பிடித்து இறங்கியது.
அதன் மேல் ஒரு சிவப்புப் பொலித்தீன் பை
முச்சக்கர வண்டியின் சில்லுக்கு இடப்பக்கம் வளைந்து,
மதிலைத் தொடாமல் திரும்பி,
உடைந்த கல்லில் அரைச் செக்கன் தயங்கி—

'தோள் பிந்துது' என்றேன், வாய்விட்டு.

பக்கத்தில் குடையோடு நின்றவர்
என்னைப் பார்த்தார், வீதியைப் பார்த்தார்,
என் மடிந்த முழங்காலைப் பார்த்தார்.
பை கானுக்குள் போய்விட்டது.
நேரம் யாரும் பிடிக்கவில்லை.