ஜனவரி ஒன்று, 1904

பண்டாரவளையில் மழை பிடித்தால்
மூன்று நாளைக்கு விடாது.
விபுலவின் போன் கடையில் அந்த மூன்று நாளும்
நனைந்த போன்கள் அரிசி டப்பாவில் கிடக்கும்.
டப்பாவைக் குலுக்குவது என் வேலை.

அதனால்தான் அந்த மெக்கிண்டோஷைத் திறந்தேன்.
பங்களாவை ஹோட்டலாக்கியவர்கள்
குளியல்தொட்டியோடும் இரண்டு மான்கொம்போடும்
எடைக்குப் போட்டது.
உள்ளங்கை இரண்டை விரித்தால் மறைந்துபோகும் திரை.
கரப்பான் முட்டையைச் சுரண்டி,
ஒழுகிய கெப்பாசிட்டர்களை மாற்றி,
சுவிட்சைத் தட்டினேன்.
சிரித்தது.
உண்மையாகவே. கண்ணும் வாயும் வைத்த குட்டிப் படம் ஒன்று
திரை நடுவில் நின்று சிரித்தது,
முப்பது வருடம் யாரும் கூப்பிடாததைப் பற்றி
ஒரு வார்த்தை கேட்காமல்.

சிரிக்கத் தெரிந்ததற்கு வாசல் திறக்கத் தெரியவில்லை.
இப்போது எந்தத் தளமும் பூட்டோடுதான் நிற்கிறது.
அந்தப் பூட்டின் பாஷை பிறக்கும் முன்பே
இது தூங்கப் போய்விட்டது.

நடுவில் ஒரு தரகரை வைத்தேன்,
தீப்பெட்டி அளவுச் சின்னப் பலகை.
அது வெளியே போய்ப் பேசும், பக்கத்தை வாங்கும்,
நிறத்தைக் கழற்றும்,
ஓடும் படத்தைக் கழுத்தில் பிடித்து நிறுத்தும்,
மிச்சத்தை இதன் வாயில் கரண்டி கரண்டியாய் ஊட்டும்.
இதன் மொத்த நினைவும் நாலு மெகாபைட்.
ஒரு சோப்பு விளம்பரம் அதைவிடப் பெரிசு.

முதல் பக்கம், கெப்பெட்டிபொல மரக்கறி விலை.
கரட், போஞ்சி, நோகோல் இருக்க வேண்டிய இடத்தில்
??? ?????? ?????
சிங்களத்துக்கும் அதே கேள்விக்குறிதான்.
விபுல எட்டிப் பார்த்து,
"இங்க மட்டும் எல்லாருக்கும் சமம்" என்றான்.

பிறகு இரண்டு இரவு.
எழுத்தை எழுத்தாக அனுப்பாதே, படமாக வரை என்று
தரகருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.
கறுப்புப் புள்ளி, வெள்ளைப் புள்ளி.
சாம்பல் என்று ஒன்று இதற்குக் கிடையாது.
மேலிருந்து கீழாக, பல்லி இறங்குவதுபோல
நின்று நின்று வந்தது 'போ'.
அப்புறம் 'ஞ்',
வளைவெல்லாம் படிக்கட்டாக.
ஏழு நிமிடம்.
லீக்ஸ் வந்து சேரும்போது தேத்தண்ணி ஆறியிருந்தது.
நேற்றைய விலையில் பாதி.

வெலிமடையில் புஷ்பகாந்தன்
ஒன்பது மூட்டை லீக்ஸோடு நின்றான்.
ஒரு கோல் எடுத்திருக்கலாம்.
ஆனால் வாய் விட்டிருந்தேனே,
விலையை இந்தப் பெட்டியிலிருந்துதான் அனுப்புவேன் என்று.
ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினேன்:
லீக்ஸ் விழுந்திருச்சு, ஏத்தாத.
போனது. நான் கைதட்டினேன்.

அவன் ஏற்றினான்.

அடுத்த நாள் கடை வாசலில்
லொறிக் கூலிக்கும் காணாத முகத்தோடு
போனை நீட்டினான்.
"எங்க மெயிலு?"
மேலே வங்கி, லொத்தர், இன்னொரு வங்கி.
விரலால் தள்ளினேன். மாதங்கள் போயின, வருடங்கள் போயின.
அவன் முதன்முதல் கணக்குத் திறந்த நாளுக்கும் கீழே,
கிணற்றடியில் விழுந்த வாளிபோலக் கிடந்தது:
1904, ஜனவரி 1.

கடிகாரப் பெட்டரி செத்தால்
இந்தப் பெட்டி அங்கேதான் போய் நிற்கும்.
செய்தவர்கள் காலத்தை அங்கிருந்து எண்ணச் சொல்லியிருக்கிறார்கள்.
எனக்குத் தெரியும். மறந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் எவருக்கும்
கைநாட்டுக்கு மேல் தெரியாத ஆண்டு.
பெயரைக்கூடப் பேரேட்டில் வேறு ஆள் எழுதுவார்,
அவர் காதில் விழுந்தபடி.
அந்த ஆண்டிலிருந்து ஒரு பொம்பிளை
லீக்ஸ் விலையைச் சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

இதை அவனிடம் சொல்லவில்லை.
நட்டத்தில் பாதி நான் தருவதாகச் சொன்னேன்.
விற்காத மூட்டை ஒன்றை மேசையடியில் இறக்கிவிட்டுப் போனான்.

ராத்திரி கரண்ட் போய் வந்தது. பெட்டி மறுபடி சிரித்தது.
புள்ளி புள்ளியாக அவன் பதில் இறங்கியது:
அக்கா, அங்க கரட் என்ன வெல?

புதுப் பெட்டரி வாங்கி வைத்திருக்கிறேன்.
இன்னும் மாட்டவில்லை.
மூன்று நாளாக எங்கள் வீட்டில் லீக்ஸ் கறி.