மூக்கடைத்த வாரம்

திங்கள் காலை என் மனைவி நனூலி
தன் பெயரைத் தொலைத்தாள்.
தொலைபேசியை எடுத்து
நான்தான் நனூலி என்பதை
"தாத்தா, ததூலி" என்றாள்.
"எந்தத் தாத்தா?" என்றது மறுமுனை.

திபிலிசியில் தெருவெல்லாம் பனிச்சேறு.
வாடகைக் காரை மூலையில் நிறுத்திவிட்டு
சிக்கிர்த்மா வைக்கப் போனேன்:
கோழிச்சாறு, வெங்காயம், மஞ்சள்கரு,
மூடியளவு வினிகர்.
"பெதுவா ஊத்து" என்றது போர்வை.
பதினெட்டு வருஷம் டாக்ஸி ஓட்டியவனுக்கு
மெதுவாக எதுவும் வராது.
முட்டை திரிந்தது.
கிழிந்த ஜன்னல் திரைபோல்
சட்டியில் மிதந்தது.
மறைக்க மிளகைக் கொட்டினேன்.

ஒரு கரண்டி குடித்தாள்.
கண்ணில் நீர். காதுமடல் சிவப்பு.
"அபிர்தப்" என்றாள்.
கல்யாணமான நாள்முதல்
என் சமையலுக்குக் கிடைத்த ஒரே பாராட்டு,
அதுவும் எழுத்துப்பிழையோடு.

விடுவேனா?
மூன்று நாள், மூன்று சட்டி.

வியாழன் இரவு
குளியலறையில் எக்காளம்போல் ஒரு சீறல்.
பிறகு நெடிய அமைதி.
"நுக்சார்!"
முழுசாக, கணீரென்று, நு.
"அடுப்பில் என்ன நாற்றம்?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.
தும்மல்தான் வந்தது.
அவள் அதற்குள்
கிண்ணத்தின் விளிம்பில் முட்டையைத்
தட்டிக்கொண்டிருந்தாள்.