கொஞ்சம் பார்க்கி

இரண்டு செக்கன்தான் தருவார்கள்.
அதற்குள் கிழவர் கதவைத் திறந்து
ஒரு காலை வெளியே வைத்து
"கொஞ்சம் பார்க்கி" என்கிறார்.
கதவு திரும்பச் சாத்துப்படுகிறது.
திரையின் அடியில், பதினாறு எழுத்துக்கு மிஞ்சாமல்
அதை நான் தமிழில் சொல்லவேண்டும்.

குருநகரில் மாடியறை. தை மாதம்.
யன்னல் நீக்கலால் வாடை வந்து
கீபோர்டில் கிடக்கிற விரலைத் தேடுகிறது.

குளிர் என்கிறது அகராதி,
பேச்சுவழக்கு என்று ஓரத்தில் ஒரு குறிப்பு.
மூலம் தெரியாதாம்.
இன்னொன்று, பூங்காவில் காற்றுக் கூட, அதனாலாக்கும் என்று இழுத்து
கேள்விக்குறி போட்டிருக்கிறது.
நூறு வருசத்துக்கு மேலாய் ஊர்வாயில் திரிந்த சொல்லுக்குத்
தாய் தகப்பன் ஆரென்று ஒருத்தருக்கும் தெரியாது.

எனக்கு அது புதினமில்லை.
கச்சேரியில் என் பிறப்பைப் பதிந்தபோது
எனக்கு வயது பதினொன்று.
தொண்ணூற்றைந்து ஐப்பசி மழைக்குள்
சனமெல்லாம் பாலம் கடந்த இரவு பிறந்தவள்.
எந்த இடம் என்று லிகிதர் கேட்டார்.
பாலத்துக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ
அம்மாவுக்கே நிச்சயமில்லை.
அவர் பேனையை மூடி, திறந்து,
நாவற்குழி என்று எழுதினார்.
அந்தக் குத்துமதிப்பில்தான் பாஸ்போட்டும் எடுத்தேன்.

சரி, வேலை.
குளிர் என்று போட்டால் வானிலை அறிக்கை.
சில்லென்று போட்டால் சோடா விளம்பரம்.
விறைக்குது என்பது முறைப்பாடு,
அந்த மனுசன் முறைப்படுகிற ஆளில்லை.
மூக்கு நுனி சிவந்து, கண்ணில் நீர் முட்டியும்
கொஞ்சம் என்கிறார்.
அந்தக் கொஞ்சத்துக்குள்தான் சொல்லின் அரைவாசி உயிர்.

விடிய நாலு மணிக்குக் கீழே ஐஸ் வான்.
செபரட்ணம் வெறுங்காலோடு, தோளில் ஈரச்சாக்கோடு
பாளம் பாளமாய் இறக்கிக்கொண்டு நின்றார்.
எப்பிடி அண்ணை என்று எட்டிக் கேட்டேன்.
பல் கிடுகிடுக்க, முழங்கையால் தண்ணி ஒழுக,
"கொஞ்சம் கூதலாக் கிடக்கு" என்றார்,
வேறை ஆருக்கோ குளிருகிற மாதிரி.

விரல்விட்டு எண்ணினேன்.
பதினாலு. இடைவெளியும் சேர்த்து.

மத்தியானம் சென்னையிலிருந்து பதில்:
படம் சரி. இருபத்தோராம் நிமிடத்தில்
கூதல் என்கிறீர்களே,
அது எந்த ஊர்ச் சொல்?

நாவற்குழி என்று எழுதி அனுப்பினேன்.